அரண்டவன் கண்ணுக்கு ஹெலிகாப்டரெல்லாம் பிரிகேடு

கேரளத்தில் எங்கள் நல்லேப்பிள்ளிக்கும் வங்கதேசத்து மேக்னா ஆற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்களுக்கு வாய்த்தது சித்தூர்ப் புழை. அதில் தண்ணீர் ஓடலாமா வேண்டாமா என்பதில் பாதியை மழை தீர்மானிக்கிறது, மீதியை ஆழியாற்றிலிருந்து தமிழ்நாடு தீர்மானிக்கிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வந்து சேரவேண்டும். அந்தக் கணக்கு இடிக்கிற வருஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே அக்கரை போய்விடலாம். ஆற்றைத் தாண்ட ஹெலிகாப்டர் வேண்டும் என்று இங்கே எவனாவது சொன்னால், முதலில் அவனைக் கள்ளுக்கடையிலிருந்து கைத்தாங்கலாக வெளியே கூட்டி வருவார்கள்.

1971 டிசம்பரில், வங்கதேச யுத்தத்தின்போது, ஒருவர் அப்படித்தான் சொன்னார். நல்லவேளை, அவர் சித்தூர் தாலுக்காக்காரர் இல்லை. லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங், இந்திய ராணுவத்தின் 4-ஆவது கோரின் தளபதி. பக்கத்தில் நின்று “ஆகட்டும்” என்று தலையாட்டியவர் குரூப் கேப்டன் சந்தன் சிங், அஸ்ஸாமில் ஜோர்ஹாட் விமானப்படைத் தளத்தின் தலைவர். சகத் சிங்குக்கு வாய் நீளம், சந்தன் சிங்குக்குக் கை நீளம். இரண்டும் சேர்ந்ததில் பாகிஸ்தானுக்குக் கிழக்குப் பக்கத்தில் இருந்த பாதி நாடு போயிற்று. பாதி என்றால் நிலத்தில் பாதி இல்லை. தலைக்கணக்கில் பாதிக்கும் மேல்.

சந்தன் சிங்கின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். மனிதர் ராஜஸ்தான்காரர், ராத்தோர் குலம். ஹெலிகாப்டர் யுத்தத்துக்காக மகாவீர் சக்ரா வாங்கிய இவர் தொழிலால் சரக்கு விமானக்காரர். 1962 அக்டோபர் 20-ஆம் தேதி, சீனாக்காரன் மொத்தமாக வந்து இறங்கிய அன்று, லடாக்கின் சிப்சாப் பகுதியில் இருந்த நம் காவல் நிலைகளுக்கு மேலிருந்து சாமான் போடப் போனார். கீழே பீரங்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. புத்தியுள்ளவன் மூட்டையை எங்காவது தள்ளிவிட்டுத் திரும்பியிருப்பான். இவர் போடவேண்டிய இடத்தில் போட்டு முடிக்கும்வரை அங்கேயே சுற்றினார். விமானத்தில் 19 குண்டுகள் பட்டன. அதற்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். சல்லடையை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பியவருக்கு அரசாங்கம் வேறென்ன செய்யமுடியும்?

ஒன்பது வருஷம் கழித்து அவருக்கு இன்னொரு விநோதமான வேலை வந்தது. வங்கதேசம் என்று ஒரு நாடு இன்னும் முழுசாகப் பிறக்கவில்லை, அதற்குள் அதற்கு ஒரு விமானப்படை வேண்டுமாம். 1971 செப்டம்பர் 28-ஆம் தேதி நாகாலாந்தின் திமாப்பூரில் அது தொடங்கியது. கிலோ ஃப்ளைட் என்று பெயர். இந்தியா சீதனமாகக் கொடுத்தது மூன்றே உருப்படி: ஒரு டக்கோட்டா, ஒரு ஆட்டர் விமானம், ஒரு அலூவெட் ஹெலிகாப்டர். டக்கோட்டா ஜோத்பூர் மகாராஜா கொடுத்தது. உலகத்தில் எத்தனையோ விமானப்படைகள் உண்டு, ஆனால் ராஜாவின் சொந்த வண்டியில் தொடங்கியது இது ஒன்றாகத்தான் இருக்கும். ஓட்ட வந்தவர்களில் பாகிஸ்தான் விமானப்படையை விட்டு ஓடிவந்தவர்கள் உண்டு, பயணிகள் விமானம் ஓட்டியவர்கள் உண்டு, பயிருக்கு மேலே பறந்து மருந்தடித்துக்கொண்டிருந்தவரும் உண்டு. இந்தக் கதம்பத்துக்குப் பயிற்சி கொடுத்துத் தேற்றும் பொறுப்பு சந்தன் சிங் தலையில் விழுந்தது.

அலூவெட் என்பது நம்மூரில் சேத்தக் என்று ஓடுகிறதே, அதே சாதி. ஆளைக் காப்பாற்றவும், அதிகாரியை ஏற்றி இறக்கவும் செய்த சாதுப் பிராணி. அதன் இரண்டு பக்கமும் ராக்கெட் குழாயைக் கட்டி, ஒரு மெஷின் கன்னையும் வைத்து, கீழேயிருந்து சுட்டால் ஓட்டுபவரின் உட்காரும் இடத்துக்குச் சேதம் வராமலிருக்கத் தரையில் இரும்புத் தகடு பற்றவைத்தார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி ராத்திரி கிலோ ஃப்ளைட்டின் விமானிகள் சுல்தான் மஹ்மூதும் பத்ருல் ஆலமும் அதை மரத்துக்கு மேலே மரமாக ஓட்டிப் போய், நாராயண்கஞ்ச் பக்கத்தில் கோத்நைல் எண்ணெய்க் கிடங்கைக் கொளுத்திவிட்டு வந்தார்கள். அதே ராத்திரி ஆட்டர் போய்ச் சிட்டகாங் எண்ணெய்க் கிடங்கைக் கவனித்தது. மகாராஜாவின் டக்கோட்டா மட்டும் குண்டு போடும் யோகமில்லாமல் ஆள் ஏற்றி இறக்கும் வேலையோடு நின்றுவிட்டது. அரண்மனையில் வளர்ந்தது அல்லவா.

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். எம்ஐ-4. ரஷ்யத் தயாரிப்பு, 1952-இல் முதன்முதலாகப் பறந்தது, 1960 வாக்கில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அழகு என்ற சொல்லுக்கும் அதற்கும் எட்டாத தூரம். மூக்குக்குள் 14 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அதற்கு மேலே மாடியில் ஓட்டுபவர், பின்னால் ஆள் ஏறும் வயிறு, வாலுக்கடியில் இரண்டு பக்கமும் பிளந்து திறக்கும் கதவு. பெட்ரோல் எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, கீழே துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிறான் என்று தெரிந்தும் நிதானமாக ஓட்டவேண்டும். அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்களின் வீட்டில் கேட்டுத்தான் போட்டார்களா என்று எனக்கு ரொம்பநாள் சந்தேகம். சத்தம் வேறு. வருவதற்கு அரைநாள் முன்பே வருகிறேன் என்று சொல்லிவிடும். இந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட வண்டி பகலில் பறக்கவேண்டுமென்றால் ஆகாயத்தில் பாகிஸ்தானின் சேபர் போர்விமானம் இருக்கக்கூடாது. இருந்தால் கோழிக்குஞ்சுக் கூட்டத்தில் பருந்து புகுந்த மாதிரி ஆகிவிடும். டிசம்பர் 4-இலிருந்து இந்திய விமானங்கள் டாக்காவின் தேஜ்காவ் ஓடுதளத்தைக் குழி குழியாகத் தோண்டி, 7-ஆம் தேதிக்குள் சேபர்களைக் கொட்டகைக்குள்ளேயே கட்டிப்போட்டுவிட்டன. அதற்குப் பிறகுதான் சந்தன் சிங்கின் ‘டிரிப்’ அடிக்கும் தொழில் தொடங்கியது.

முதல் டிரிப் சில்ஹெட்டுக்கு. அங்கிருந்த பாகிஸ்தான் பிரிகேடு காலி செய்துகொண்டு அஷுகஞ்ச் பக்கம் போய்விட்டது, ஊர் கிட்டத்தட்ட அனாதை என்று உளவுச் செய்தி வந்தது. உளவுச் செய்தியில் ஒரு சின்னப் பிசகு. இருந்த பிரிகேடு எங்கும் போகவில்லை. அதோடு மௌல்விபஜாரில் இருந்த இன்னொரு பிரிகேடும் பின்வாங்கி வந்து அதே சில்ஹெட்டில் கூடாரம் போட்டிருந்தது. அனாதை வீடு என்று நினைத்துப் பின்வாசல் வழியாக நுழைந்தால் உள்ளே கல்யாணக் கூட்டம்.

இது தெரியாமல் டிசம்பர் 7-ஆம் தேதி பிற்பகல், 4/5 கூர்க்கா ரைபிள்ஸ் பட்டாலியனை எம்ஐ-4-களில் அடைத்து குலாவுராவிலிருந்து கிளப்பினார்கள். தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹரோலிகர். 48 மணி நேரத்தில் தரைவழியாக வந்து உங்களோடு சேர்ந்துகொள்வோம் என்று வாக்குக் கொடுத்திருந்ததால், சோற்றுச் சுமையைக் குறைத்துத் தோட்டாச் சுமையைக் கூட்டிக்கொண்டார்கள். வாக்கு நிறைவேற ஒன்பது நாள் ஆயிற்று. பட்டாளத்தில் 48 மணி நேரம் என்றால் எங்கள் பக்கத்து ஆசாரி “நாளைக்கு முடிச்சுத் தந்துடறேனுங்க” என்று சொல்வதுபோலத்தான். குட்டைத் தண்ணீரைக் குடித்து, கிடைத்ததைத் தின்று கிடந்தார்கள்.

இறங்கினவர்கள் மேல் குண்டு மழை. முதல் வண்டிகள் இறக்கிவிட்டுத் திரும்பின. மறுபடி வரவேண்டும், ஏனென்றால் பட்டாலியன் ஒரே நடையில் வந்துசேராது. வேடிக்கை முடிந்தது, இனி விஷப்பரீட்சை. இருட்டில், எங்கே எதிரி எங்கே நம்மாள் என்று தெரியாத வயல்வெளியில், டார்ச் லைட் வெளிச்சத்தைப் பார்த்து இறங்கவேண்டும். சந்தன் சிங் தளத்தில் உட்கார்ந்து ஒயர்லெஸ்ஸில் “போங்கடா தம்பிகளா” என்று உற்சாகப்படுத்தியிருக்கலாம், பதவிக்கு அது பொருந்தியும் இருக்கும். டிசம்பர் 7-8 ராத்திரியில் மட்டும் எட்டு முறை எதிரி எல்லைக்குள் போய்வந்தார் என்கிறது அவருடைய விருதுக் குறிப்பு. ஒவ்வொரு இடத்தையும் முதலில் தானே போய்ப் பார்த்து, இறங்கலாமா என்று தீர்மானித்து, பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டார். எதிர்ப்பு வலுத்தபோது மேலும் பதினெட்டு நடை. ஹெலிகாப்டரில் பலமுறை குண்டு பட்டது. 1962-இல் எண்ணிக்கை 19 என்று எழுதி வைத்தவர்கள் இந்தமுறை எண்ணுவதை விட்டுவிட்டார்கள் போல.

சில்ஹெட் சுவாரசியமானது அதற்கப்புறம்தான். பிபிசி வானொலி, கூர்க்கா ‘பிரிகேடு’ ஒன்று சில்ஹெட்டில் இறங்கிவிட்டது என்று அறிவித்தது. ஒரு பிரிகேடு என்றால் மூன்று பட்டாலியன். இறங்கியதோ ஒன்று, அதிலும் 500 பேர்கூடத் தேறாது. இந்தச் செய்தியைக் கூர்க்காக்களும் கேட்டார்கள், பாகிஸ்தான்காரர்களும் கேட்டார்கள். கேட்ட கூர்க்கா அதிகாரிகளுக்கு உடனே உறைத்தது. ஊரே நம்மைப் பிரிகேடு என்கிறது, நாம் ஏன் மறுக்கவேண்டும்? பரவிப் படுத்து, ஒரு பட்டாலியனை மூன்று பட்டாலியன் இடத்துக்கு இழுத்துப் போர்த்தினார்கள். அந்தப் பக்கம் பார்த்தவனுக்கோ, இரண்டு நாளாக ராத்திரி பகல் பாராமல் எம்ஐ-4 தடதடவென்று வருவதும் போவதும்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது. வந்த வண்டியே திரும்பத் திரும்ப வருகிறது என்று அவனுக்கு யார் சொல்வது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இந்த வித்தையெல்லாம் சித்தூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. வருஷா வருஷம் கும்ப மாசத்தில், அதாவது நம் மாசியில், சித்தூர்க் காவில் கொங்கன்படை நடக்கிறது. கொங்கு நாட்டு ராஜா படையெடுத்து வந்தானாம், பகவதி நேரில் இறங்கி விரட்டினாளாம். கொங்கன் அனுப்பிய போர் ஓலையை வாசிப்பதே ஒரு சடங்கு. அப்புறம் கொட்டுமேளம், குதிரை, வெடிச்சத்தம். எல்லையோரத்து நாங்கள் பாதிப்பேர் வீட்டில் பேசுவது தமிழ், மாமன் மச்சான் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் இருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் மாமன் வகையறா வருஷந்தவறாமல் தோற்று ஓடுவதை முன்வரிசையில் நின்று கைதட்டிப் பார்ப்போம். ஓலையை எத்தனை உரக்க வாசிக்கிறோம் என்பதில்தான் பாதிச் சண்டை இருக்கிறது என்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சில்ஹெட்டில் ஓலை வாசித்தது லண்டன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தப் பட்டாலியனில் நம் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு என்று உரிமை கொண்டாட ஒரு சின்னச் சாக்கு இருக்கிறது. மேஜர் இயன் கார்டோசோ. பம்பாய்க்காரர்தான். ஆனால் அந்த வருஷம் குன்னூர் வெலிங்டனில், அதிகாரிகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். பட்டாலியனின் இரண்டாம் தளபதி சண்டையில் இறந்துபோக, அந்த இடத்துக்கு இவரை அனுப்பினார்கள். டெல்லி போய்ச் சேர்வதற்குள் யுத்தம் அறிவிக்கப்பட்டுவிட்டது. கிளம்பிக்கொண்டிருந்த அஸ்ஸாம் மெயிலைச் சங்கிலி இழுக்க வைத்து நிறுத்தி ஏறினார். ரயிலைச் சங்கிலி பிடித்து நிறுத்துபவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். யுத்தத்துக்குத் தாமதமாகிறது என்று நிறுத்தியவர் இவர் ஒருவர்தான். கடைசியில் அவரையும் ஹெலிகாப்டர்தான் சில்ஹெட்டில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே கண்ணிவெடியில் கால் சிதைந்து, மருத்துவ வசதி எதுவும் இல்லாத நிலையில், குக்ரியால் தன் காலைத் தானே வெட்டிக்கொண்டவரும் இவரே. இந்த இடத்தில் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை, மேலே போகிறேன்.

மேக்னா. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்திருந்தால் எந்தப் பட்டாளமும் அதில் காலை விட்டிருக்காது. ஆற்றைத் தாண்ட அஷுகஞ்சில் ஒரே ரயில் பாலம், அதையும் பாகிஸ்தான் படை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. பாலம் போனதும், இனி இந்தியர்கள் இக்கரையிலேயே உட்கார்ந்து கொசு அடிப்பார்கள் என்று அக்கரையில் நிம்மதியாக இருந்தார்கள். இந்தியத் தரப்பிலும் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்தார்கள். சகத் சிங்கின் மேலதிகாரி ஜெனரல் அரோரா போட்டுக்கொடுத்த திட்டத்தில் அவருடைய எல்லை மேக்னாவோடு முடிந்துவிட்டது. எங்கள் ஊர் டீக்கடை பெஞ்ச் அந்தத் தொலைபேசி உரையாடலை இப்படித் தயாரித்து வைத்திருக்கிறது. எந்த ஆவணத்திலும் தேடவேண்டாம்:

“ஏப்பா சகத், ஆத்தோரமா நில்லுன்னுதானே சொன்னேன்?”

“நின்னேனுங்க. கால் மரத்துப் போச்சுங்க. அதான் அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் நிக்கலாம்னு…”

அந்தப் பக்கம் போய் நிற்பதற்கு முன்னால் சகத் சிங் நேரில் போய்ப் பார்த்தும் வந்தார். அவர் போன ஹெலிகாப்டரைக் கீழேயிருந்து சல்லடையாக்கினார்கள். ஓட்டியவர் பலமாகக் காயப்பட, துணை விமானி வாங்கி ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரு குண்டு ஜெனரலின் நெற்றியைச் சிராய்த்துக்கொண்டு போயிற்று. மயிரிழையில் தப்பினார் என்று பேச்சுக்குச் சொல்வோம், இவர் உண்மையிலேயே அப்படித் தப்பினார். இறங்கியவர் இந்த யோசனையே வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கே இறங்கினால் சுடமாட்டார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 9-ஆம் தேதி பிற்பகல் ராய்ப்புராவில் முதல் கூட்டம் இறங்கியது. பிறகு நர்சிங்டி. 105, 110 எண் ஹெலிகாப்டர் பிரிவுகளின் பத்துப் பதினாலு எம்ஐ-4-கள்தான் மொத்த முதல். விதிப்புத்தகம் சொன்னதைவிட அதிகமாக ஆளை அடைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை ரோட்டில் டிரிப் ஜீப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பகலெல்லாம் ஓட்டி, ராத்திரியும் ஓட்டினார்கள். ராத்திரி இறங்க, ஈர வயலில் கையில் பிடித்த டார்ச் விளக்குகள்தான் விமான நிலையம். எஞ்சினை நிறுத்தவே இல்லை. பின்கதவு திறக்கும், ஆள் குதிப்பான், பெட்டி விழும், கதவு மூடும் முன்பே வண்டி தூக்கிவிடும். கிட்டத்தட்ட 3,000 பேர், 40 டன் சாமான், பீரங்கிகள் உட்பட. விருதுக் குறிப்பில் உள்ள கணக்கு இது.

இதே நேரத்தில் தரைப்படைக்குள் ஒரு தனி நாடகம். நீந்தும் டாங்கி என்று ரஷ்யாக்காரன் விற்ற பிடி-76 இருந்தது. ஆறு என்றால் குதித்து நீந்தி அக்கரை ஏறும் என்று உத்தரவாதம். ரஷ்யாக்காரன் நினைத்த ஆறு வேறு, மேக்னா வேறு. பாதி ஆற்றில் எஞ்சின் கொதித்து டாங்கி மூச்சு வாங்கியது. கடைசியில் உள்ளூர்ப் படகுக்காரர்கள் நாட்டுப்படகில் கயிறு கட்டி டாங்கியை இழுத்துப் போனார்கள். பீரங்கியைத் தோளில் சுமந்தவர்களும் அந்த ஊர் ஜனங்கள்தான். ஜனாதிபதி மாளிகையில் பதக்கம் கொடுத்த நாளில் அவர்களில் எவரையும் காரனுப்பிக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

டாக்காவில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தான் தளபதி ஜெனரல் நியாசிக்கு இப்போது தலைசுற்றல். பாலம் இல்லை, ஆனால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இந்தியன் நிற்கிறான். 11-ஆம் தேதி டாங்கைலில் பாராசூட் படை வேறு குதித்தது. குதித்தது 2 பாரா என்ற ஒரு பட்டாலியன். பத்திரிகைகளில் வந்ததோ ஒரு பிரிகேடு, 5,000 பேர். கூடவே வானம் கொள்ளாத குடைகளோடு ஒரு படம். அந்தப் படம் முன்பு ஆக்ராவில் நடந்த ஒத்திகையில் எடுத்தது. ராணுவத்தின் செய்தித் தொடர்பாளர் ராமமோகன் ராவ் அதைக் கொடுத்தபோது, இது எந்த ஊர் வானம் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் வலியப் போய்ச் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் இரண்டு பட்டாலியன்கள் பேப்பரிலேயே பிரிகேடாகப் பதவி உயர்வு பெற்றன. சம்பளத்தை உயர்த்தியதாகத் தகவல் இல்லை.

சில்ஹெட்டில் டிசம்பர் 15-ஆம் தேதி காலை வெள்ளைக்கொடி பிடித்துக்கொண்டு பாகிஸ்தான் அதிகாரிகள் வந்தார்கள். சரணடைய வந்திருக்கிறோம், உங்கள் பிரிகேடு கமாண்டரைக் கூப்பிடுங்கள் என்றார்கள். எங்கிருந்து கூப்பிடுவது? பிரிகேடு இருந்தால்தானே கமாண்டர். இல்லை என்று சொன்னால் சரணடைவதை ரத்து செய்துவிட்டுச் சண்டை தொடங்கிவிடுவார்களோ என்ற பயம். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, 59-ஆவது மலைப் பிரிகேடின் பிரிகேடியர் குவின்னுக்கு அவசரத் தகவல் போயிற்று. மறுநாள் அவர் முன்னிலையில் மூன்று பிரிகேடியர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகள், ஏறத்தாழ 7,000 சிப்பாய்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். எதிரே இருந்தது இவ்வளவுதானா என்று தெரிந்தபோது அந்த மூன்று பிரிகேடியர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதைப் படம் பிடிக்க அங்கே யாரும் இல்லாமல்போனது சரித்திரத்துக்கு ஒரு நஷ்டம்.

அப்புறம் வழக்கம்போல் கணக்குத் தீர்த்தார்கள். சந்தன் சிங்குக்கு மகாவீர் சக்ரா. பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷல் ஆகி, 2020-இல் ஜோத்பூரில் காலமானார். சுல்தான் மஹ்மூத் 1981-இல் வங்கதேச விமானப்படைக்கே தலைவரானார். ஒரு ஹெலிகாப்டரும் ஒரு ராஜா வண்டியுமாகத் தொடங்கிய படைக்கு அது நியாயமான உத்தியோகம். ஆற்றைத் தாண்டச் சொன்ன சகத் சிங்குக்கு வீர விருது எதுவும் இல்லை, பத்மபூஷண் கொடுத்தார்கள். சங்கீத வித்வானுக்கும் நாட்டிய மணிக்கும் கொடுக்கிற அதே பத்மபூஷண். நெற்றியில் குண்டு உரசிய ஜெனரலும் அந்த வரிசையில் போய் நின்று வாங்கிக்கொண்டார்.